மாடியில் இருக்கும் வழக்கறிஞர் அலுவலகம், சுங்கை சிப்புட்: மூன்றாண்டுப் பழக்கத்தில் என் மதிப்பீடு

தவறிப்போன ஓர் அறுவை சிகிச்சைக்கு இழப்பீடு கேட்டு நான் ஏறி இறங்கிய அலுவலகம் இது. முதலில் படிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துணிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகலான வாசலுக்குள் நுழைந்தால் 22 படிகள். ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. வயிற்றைத் திறந்து தைத்த ஏழாம் மாதத்தில் அவற்றை ஏறினேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். உடம்பு கெட்டவர்கள் நீதி கேட்டு வரும் இடம் மாடியில் இருக்கக் கூடாது. அந்த வழக்கறிஞர் அம்மாவிடமே இதைச் சொன்னேன். அடுத்த முறை நான் வந்தபோது, கோப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இருக்கும் தேநீர்க் கடைக்கு அவரே இறங்கி வந்தார். அதற்குப் பிறகு என் கையெழுத்துகள் பெரும்பாலும் அந்தக் கடை மேசையில்தான் போடப்பட்டன.

பெயர் எதையும் நான் எழுதப் போவதில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, மருத்துவமனையையும் கிடைத்த தொகையையும் வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்திட்டிருக்கிறேன். வழக்கறிஞரின் பெயரைச் சொன்னால் நூல் பிடித்துப் போய்விடலாம் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை எழுதத் தடை இல்லை. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அவற்றுக்காகத்தான்.

தமிழ்ப்பள்ளி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் சிற்றுண்டிச்சாலை நடத்தினேன். என் அம்மா எல்பில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் வீட்டில் டாக்டரைக் கேள்வி கேட்கும் வழக்கமே கிடையாது. தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா மாத்திரையைக் கையில் வைத்தால், எதற்கு என்று கேட்காமல் விழுங்கிய தலைமுறை அம்மாவுடையது. அதே பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பித்தப்பைக் கல்லுக்காக 2019 நவம்பர் கடைசியில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறை விட்ட கையோடு, ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுதுளை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிறு உப்பியது, சோறு இறங்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது வாயு என்றார்கள், பனடால் போடச் சொன்னார்கள். எட்டாம் நாள் காலையில் விளக்கைப் போட்ட அம்மா, “கண்ணைக் காட்டு” என்றார். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாகியிருந்தது. பித்தப்பையோடு சேர்த்து, கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளத்தையும் கவ்வி வெட்டிவிட்டிருந்தார்கள். ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து கல்லீரல், பித்தநாள நோய்களுக்கான சிறப்பு மையம் இருக்கும் செலாயாங்கிற்கு அனுப்பப்பட்டேன். 2020 ஜனவரியில் வயிற்றைத் திறந்து, குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்துப் பித்தநாளத்தோடு இணைத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாணுக்கும் மேல் நீண்ட தழும்பு இன்றும் இருக்கிறது. செலாயாங்கில் என்னைக் கவனித்த டாக்டர்களுக்கும் தாதியருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதை எங்கும் சொல்வேன்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு தரகர் வந்தார். மருத்துவமனை வாசலில் என் கணவரைப் பிடித்து, “ஒரு காசு கட்ட வேண்டாம், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும்” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். நல்ல வேளை, என் கணவர் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்திருந்தார். படிக்காமல் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை மாடி அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டோம். இங்கே முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்கவில்லை. பிறகு 2,000 ரிங்கிட் முன்பணம், அடுத்தடுத்த கட்டங்களுக்கு எவ்வளவு என்று எழுதிய தாள், ஒவ்வொரு முறையும் ரசீது. தோற்றுப்போனால் எதிர்த்தரப்பின் செலவுத்தொகையையும் நாங்கள் கட்ட வேண்டி வரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு என் கணவர் எழுந்து போகப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்தேன். கெட்ட செய்தியை முதலில் சொல்பவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய முதல் கேள்வி, “எவ்வளவு கேட்கலாம்” என்பதைப் பற்றியது அல்ல. “அக்கா, எந்தத் தேதி? எந்த மருத்துவமனை, அரசாங்கமா, தனியாரா?” என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது அன்றே எனக்குப் புரிந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தன் கணவரின் காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்க மருத்துவமனை. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம். வழக்கறிஞர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அரசாங்கத்தின் மீது வழக்குப் போட வேண்டுமானால், 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 36 மாதங்களுக்குள் போட்டிருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவமனை என்றால் 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி 6 ஆண்டுகள். அந்தப் பெண்மணி, “பெரிய ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறோம் என்றார்கள், அதனால் காத்திருந்தோம் அம்மா” என்றார். விசாரிப்பதாகச் சொன்னதால் காலக்கெடு நின்றுவிடாது. அவரிடம் பணம் எதுவும் வாங்காமல், மாற்றுத்திறனாளி அட்டைக்கும் சமூகநல இலாகா உதவிக்கும் மனு எழுதிக்கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் அந்த 22 படிகளையும் இறங்கிப் போன ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. தோட்டத்து மக்களே, பொறுமையாக இருப்பது நம் பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

புகார் கொடுத்தால் பணம் கிடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். மலேசிய மருத்துவ மன்றம் டாக்டரைக் கண்டிக்கும், இடைநீக்கம் செய்யும், பதிவிலிருந்து பெயரை நீக்கும். நோயாளிக்கு இழப்பீடு தராது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. பணம் வேண்டுமென்றால் நீதிமன்றம், இல்லையென்றால் நீதிமன்றத்துக்கு முன்னால் பேசி முடிக்கும் சமரசம். வேறு வழி கிடையாது.

பாதிப்பு நேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைக்காது என்பதும் எனக்குப் புதிய செய்தி. திறமையான கையிலும் பித்தநாளம் வெட்டுப்படலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் வழக்கறிஞர் இரண்டு இடங்களைப் பிடித்தார். ஒன்று, ஆபத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில் அறுவைக்கூடத்துக்குப் போகும் வழியில் கையெழுத்து வாங்கினார்கள். நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும், சொன்னது போதுமா என்பதை மருத்துவர்கள் அல்ல, நீதிமன்றமே முடிவு செய்யும் என்று ஃபூ ஃபியோ நா என்ற நோயாளியின் வழக்கில் 2006 டிசம்பரில் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை செய்த விதம் சரியா என்ற கேள்வியில் மட்டும் மற்ற மருத்துவர்களின் கருத்துக்கு இன்னும் எடை உண்டு.

இரண்டாவது இடம் ஒரு தாளில் இருந்தது. தனியார் மருத்துவமனையிலிருந்து பதிவேடுகள் வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின. அவற்றை மேசையில் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். வெப்பநிலை அட்டையில் ஓர் இடத்தில் பென்சில் நின்றது. நான் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாள், காலை 6 மணி: 38.4. அதற்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. யாரும் மறுபடியும் அளக்கவில்லை. 11 மணிக்கு என்னைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். “அக்கா, வெட்டியதை அவர்கள் ஆயிரம் காரணம் சொல்லித் தாங்குவார்கள். காய்ச்சலோடு அனுப்பியதை எப்படித் தாங்குவார்கள்?” என்றார். அந்த எண்ணுக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று போட்டார். வெளிமாநில அறுவை நிபுணர் ஒருவரின் அறிக்கைக்கு 6,000 ரிங்கிட் ஆனது. என் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. இந்தச் செலவு வரும் என்பதை அவர் முன்கூட்டியே இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். அது ஒரு குறைதான்.

இழப்பீட்டில் எத்தனை வகை என்பதை அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொன்னார். நான் அதுவரை இழப்பீடு என்றால் ஒரே தொகை என்று நினைத்தவள்.

வலிக்கும் வேதனைக்கும், இழந்த வாழ்க்கை இன்பங்களுக்கும் தருவது பொது இழப்பீடு. இதற்கு ரசீது கிடையாது. இதே போன்ற காயத்துக்கு முந்தைய வழக்குகளில் நீதிமன்றம் எவ்வளவு கொடுத்தது என்று பார்த்துத்தான் கணிப்பார்கள். “எதையெல்லாம் இப்போது செய்ய முடியவில்லை?” என்று கேட்டார். சமையல் வேலையைச் சொன்னேன். “அது வருமானத்தில் வரும். வேறு?” என்றார். நீண்ட நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க முடியவில்லை என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வரி பிறகு நீதிமன்றப் பத்திரத்தில் மலாயில் இருந்ததைப் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

கையிலிருந்து உண்மையாகவே போன பணம் சிறப்பு இழப்பீடு. இதற்கு ஒவ்வொரு காசுக்கும் சான்று வேண்டும். மருத்துவமனைக் கட்டணம், மருந்து, கட்டுப்போடும் பஞ்சு, செலாயாங்கிற்குப் போய்வந்த பெட்ரோல், நெடுஞ்சாலைக் கட்டணம், சிறப்பு மருத்துவரின் அறிக்கைக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டிய 80 ரிங்கிட் எல்லாம் இதில் அடக்கம். என் நாத்தனார் நான்கு மாதங்கள் என்னைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டதற்கும் ஒரு நியாயமான தொகை கேட்கலாம் என்றபோது, நாத்தனார் வெட்கப்பட்டு மறுத்தார். அன்பாகச் செய்தாலும் வேலை வேலைதான் என்று வழக்கறிஞர் விளக்கிய பிறகே சம்மதித்தார். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். திறந்து பார்த்தால், மருந்துக்கடைச் சீட்டுகளில் பாதி வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. அந்தப் பளபளப்புத் தாளில் அச்சாகும் எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள். எண்ணூறு ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட செலவை என்னால் நிரூபிக்க முடியாமல் போனது.

வருமான இழப்பில்தான் அலுவலகத்தின் உழைப்பைக் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை, சேமநிதி இல்லை. என்னிடம் இருந்தவை 555 புத்தகங்கள், அதாவது அட்டையில் ‘555’ என்று போட்ட சின்னக் கணக்குக் குறிப்பேடுகள், நாற்பதுக்கும் மேல். பால் மாவு எவ்வளவு, மீ எவ்வளவு, எந்த ஆசிரியர் எவ்வளவு பாக்கி என்று மஞ்சள் கறை படிந்த என் கணக்குகள். அலுவலகத்தில் வேலை செய்யும் இளம்பெண் மூன்று வாரங்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்து, மாத வாரியாக அட்டவணை போட்டார். எனக்கே தெரியாத என் வருமானம் அதில் தெரிந்தது.

1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28A பிரிவு இதைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறது. காயம் பட்டபோது 60 வயதுக்கு உட்பட்டவராகவும், சொந்த உழைப்பில் சம்பாதித்தவராகவும் இருக்க வேண்டும். 2019 செப்டம்பர் 1-க்கு முன்னால் அந்த வரம்பு 55. முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு வருமானத்தை 16 ஆண்டுகளால் பெருக்குவார்கள். அதற்கு மேல் இருந்தால் 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுப்பார்கள். எனக்கு அப்போது 44. மீதி 16, அதில் பாதி 8. எட்டு ஆண்டுகள்! என் அம்மா 66 வயது வரை வேலை செய்தவர். அதோடு நம்முடைய வாழ்க்கைச் செலவையும் அதிலிருந்து கழிக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. வீட்டு வேலையை மட்டும் செய்யும் பெண்ணுக்கு இந்த வகையில் ஒன்றும் இல்லை என்பது அதைவிடக் கொடுமை. ஒரு நல்லது, நாம் கட்டி வந்த காப்புறுதியிலிருந்து கிடைத்த பணத்தைக் காட்டி அவர்கள் குறைக்க முடியாது. அதையும் அந்தப் பிரிவே சொல்கிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டார்: 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு, பள்ளிகள் மூடல்; உடம்பு நன்றாக இருந்திருந்தாலும் இவருக்கு வருமானம் ஏது? எனக்கு வாயடைத்துப் போனது. எங்கள் வழக்கறிஞர் என் நாத்தனாரைக் கூப்பிட்டு, அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. என் அடுப்பிலேயே நாத்தனார் நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தோட்டத் தொழிலாளர்களுக்கு விற்றிருந்தார். அதற்கும் 555 புத்தகம் இருந்தது! நான் நலமாக இருந்திருந்தால் அந்த வருமானம் என்னுடையதாக இருந்திருக்கும் என்று வாதம் திரும்பியது. முழுவதும் ஏற்கப்படவில்லை, பாதியாவது நின்றது.

வருங்காலச் செலவும் ஒரு தனி வகை. இணைத்த இடம் சுருங்கினால் மறுபடியும் அறுவை தேவைப்படலாம். ஆண்டுதோறும் ஸ்கேன் உண்டு. தனியார் மருத்துவமனைச் செலவைக் கேட்டால், அரசாங்க மருத்துவமனை இருக்கும்போது அது ஏன் தேவை என்பதைக் காரணத்தோடு காட்ட வேண்டும். செலாயாங்கிலேயே தொடர்வேன் என்று நான் சொன்னதால் இந்தத் தொகை சிறியதாகவே இருந்தது. பிறப்பின்போது மூளை பாதித்த குழந்தைகளின் வழக்குகளில் ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பராமரிப்பே பெரிய தொகையாக வரும் என்றார். நடத்தை மிக மோசமாக இருந்தால் அதற்கென்று கூடுதல் இழப்பீடும், தண்டனை போன்ற இழப்பீடும் கேட்கலாம். எங்கள் வழக்கில் அதைக் கேட்க வேண்டாம் என்று அவரே தடுத்தார். கோபத்துக்குத் தனித் தொகை இல்லை, சான்று வேண்டும் என்றார்.

உயிர் போய்விட்டால் சட்டம் இன்னும் கஞ்சத்தனமாக இருக்கிறது. துக்கத்துக்கென்று சட்டம் நிர்ணயித்த தொகை 30,000 ரிங்கிட்; 2019 வரை அது வெறும் 10,000. இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் தனியாகக் கேட்கலாம். ஈமச் செலவையும் கேட்கலாம். ஆனால் அவ்வாறு நம்பியிருந்தவர்கள் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கைப் போட்டாக வேண்டும். பதினாறாம் நாள் காரியம், தலைத் திவசம் என்று நாள்கள் எப்படி ஓடும் என்பது வீட்டில் சாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2021-இல் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. 10 லட்சம் ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் அங்கே போகும். 2023-இல், சாட்சிக்கூண்டு ஏறும் முன்பே, சமரசப் பேச்சில் முடிந்தது. நான் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. வளையல்களை மீட்டேன், ஓர் உதவியாளரை வைத்துச் சிற்றுண்டிச்சாலையைத் திரும்ப எடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் அந்த உடன்படிக்கையில் எங்கும் இல்லை. அதற்கு வகையே இல்லை என்றார் வழக்கறிஞர். அதைச் சொல்லும்போது அவர் முகமும் சரியாக இல்லை. தனியார் மருத்துவமனை, “டாக்டர் எங்கள் ஊழியர் அல்ல” என்று கை கழுவ முடியாது என்ற கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. முன்பே வந்திருந்தால் எங்கள் பேச்சு இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு தருகிறேன். கழித்த ஒன்று, படிகளுக்கும், நிபுணர் செலவைத் தாமதமாகச் சொன்னதற்கும், 2022-இல் நான்கு மாதங்கள் ஒரு கடிதமும் வராமல் என்னைத் தவிக்க வைத்ததற்கும். பத்திரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். கேட்டால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் படித்துச் சொல்வார்கள், கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சனிக்கிழமை நண்பகல் வரை திறந்திருக்கும். போகும்போது அடையாள அட்டை, மருத்துவமனைத் தேதிகள், எல்லா ரசீதுகளின் நகல்கள், கணக்குப் புத்தகம் எதுவாக இருந்தாலும் அது, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

வழக்கு முடிந்த வாரம் என் 555 புத்தகங்களைத் திருப்பித் தந்தார்கள். ஆண்டு வாரியாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் அந்த இளம்பெண் தன் கையால் மாதத்தை எழுதியிருந்தார். 2019 நவம்பர் கட்டு பாதியில் நின்றிருந்தது. அந்தப் புத்தகத்தின் மீதிப் பக்கங்களில்தான் இப்போது கணக்கு எழுதுகிறேன்.